சிவப்புத் தலைகளும் ஒரு கறுப்புத் தலையும்

இந்த மாதம் முடிவதற்குள் உங்களில் ஒருவராவது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறீர்கள்: "உண்மையாவே சிவப்பு முடிக்காரருக்கு இரத்தம் கூடுதலா ஓடுமோ?" கேட்டவுடன் ஒரு தாதி கண்ணை உருட்டுவார், ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் "ஓடும், ஓடும்" என்று தலையாட்டுவார், யாரை நம்புவது என்று தெரியாமல் நிற்பீர்கள். அப்போது நான் இங்கே இருக்கமாட்டேன். வெள்ளிக்கிழமையோடு இந்த ஆஸ்பத்திரியை விட்டு, பரம்பரையாக வரும் இரத்தக்கசிவு நோய்களைப் பார்க்கும் பிரிவுக்குப் போகிறேன். அதனால் பதிலை இப்போதே எழுதி வைக்கிறேன்.

பணி அனுபவம் எழுதுவதற்கு ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்பது தெரியும். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெறும்வரை இதைச் சொல்லாமல் வைத்திருக்க என்னால் ஏலாது! இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் வைத்தியர்களான உங்களில் சிலர் சென்னையிலும் மதுரையிலும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மற்றவர்கள் என்னைப் போல ஜேர்மனியின் ரூர் பகுதியிலேயே பிறந்து, வீட்டில் யாழ்ப்பாணத் தமிழும் வெளியில் ஜேர்மனும் பேசி வளர்ந்தவர்கள். ஜேர்மன்காரர் சொன்னதையும் எங்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் தொண்டை நிபுணர், தான் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

மயக்க மருந்துப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில் ஒரு லொறிச் சாரதி டொன்சில் எடுக்க வந்தார். தலை, தாடி, புருவம், கை மயிர் எல்லாம் கரட் நிறம். தியேட்டரில் ஒரே பரபரப்பு. மேலே சொன்ன தொண்டை நிபுணர், தலையில் ஒரு மயிரும் இல்லாத, குரல் பெரிய மனிதர், கதவைத் திறக்கும்போதே கத்தினார்.

"செந்தலையன்! இரத்த வங்கிக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"பரிசோதனை எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

"இத்தினை வருசம் வெட்டுறன், எனக்குத் தெரியாதோ? செந்தலையர் லேசில மயங்க மாட்டினம், இரத்தம் லேசில நிக்காது. அதோட எப்பவும் வெள்ளிக்கிழமை பாத்துத்தான் வருவினம்."

படுத்திருந்த சாரதி கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "பள்ளிக்கூடத்தில வாத்தியார் எனக்குக் கோவம் கூடுதல் எண்டார். மனுசி எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது எண்டுறா. இப்ப நீங்கள் நான் ஒழுகுவன் எண்டுறியள். சிவப்புத் தலைக்கு ஒரு நல்ல செய்தியும் இல்லையோ?"

ஒழுகவில்லை. சவரம் செய்யும்போது கீறினால் வருகிறதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். எடுத்து வைத்த இரத்தப் பைகள் திரும்பிப் போயின. நிபுணருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "இவர் விதிவிலக்கு" என்றார்.

விதிவிலக்கு! அந்த ஒரு சொல் என்னை உசுப்பிவிட்டது. விதி எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். ரயிலில் வாசித்தேன், சாப்பிடும்போது வாசித்தேன், அம்மா தொலைபேசியில் பேசும்போதும் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றபடி வாசித்தேன். முடியின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவில் வரும் மாற்றத்தால்தான் பெரும்பாலும் சிவப்பு முடி வருகிறது. அப்படிப்பட்டவர்களின் தோல் வெளிறியது. அடிபட்டுக் கன்றிய சின்னக் கண்டலும் அதில் பளிச்சென்று தெரியும். தெரிந்ததை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், தெரியாததை மறந்துவிடுகிறார்கள். நான் வாசித்தவரைக்கும், இரத்தம் உறைவதை உட்கார்ந்து அளந்து பார்த்தவர்கள் சிவப்பு முடிக்காரருக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் காணவில்லை. மயக்க மருந்து விஷயத்தில் இன்னும் வாதம் இருக்கிறது, இரத்தத்தில் இல்லை.

காலைக் கூட்டத்தில் படங்களோடு இதையெல்லாம் கொட்டினேன். "முடியைப் பார்க்காதீர்கள், நோயாளியின் கதையைக் கேளுங்கள்" என்று முடித்தேன். நிபுணர் மெதுவாகக் கை தட்டினார்.

"சரி. இனி முடியைப் பற்றி ஆரும் என்னோட கதைக்கப்படாது."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே அவரோடு முடியைப் பற்றிக் கதைக்க வேண்டி வந்தது. கதைத்தவள் நான்.

இனி வருவதை அந்தக் குடும்பத்திடம் கேட்டு, பெயரை மாற்றி எழுதுகிறேன். ஷாமினி என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பது வயது, இங்கேயே பிறந்தவள், பெற்றோர் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர். ஒரு பேக்கரியில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தாள். திரும்பத் திரும்பத் தொண்டை வீங்கி, திரும்பத் திரும்ப லீவு எடுத்து, முதலாளி முகம் சுளிக்கத் தொடங்கியிருந்தார். டொன்சிலை எடுத்துவிடுவது என்று முடிவானது. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் நான் அவளோடு பேச வேண்டும். கூடவே அம்மாவும் வந்திருந்தார்.

தடித்த கண்ணாடி, வழவழவென்று கறுத்த நீளமான முடி, நம்மவர்களில் அபூர்வமாகத்தான் பார்க்கிற வெள்ளைத் தோல். நம்மவர் ஒருவர் இப்படி வந்து நின்றால் நம் மூளை எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். நோய்ப் பக்கம் போகாது. 'என்ன வடிவு' என்று அழகின் பக்கம்தான் போகும்.

"பிறந்த உடனேயே கோயில்ல ஃபாதர் கேட்டவர், இது வெள்ளைக்காரப் பிள்ளையோ எண்டு" என்றார் அம்மா.

"அம்மா, நூறாவது தரம்" என்றாள் ஷாமினி.

கேள்வி எல்லாம் மகளுக்கு, பதில் எல்லாம் அம்மாவிடமிருந்து. மூக்கால் இரத்தம் வருமா? "சின்னனில எல்லாருக்கும் வாறதுதானே." பல் பிடுங்கியிருக்கிறதா? "ஓம், ஒரு பிரச்சினையும் இல்லை." மாதவிடாய்? "எல்லாம் ஒழுங்கு. எங்கட வீட்டில ஆருக்கும் நோய், வருத்தம் ஒண்டும் இல்லை, பிள்ளை." ஷாமினி தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரத்தப் பரிசோதனைகளும் அம்மாவின் பக்கமே நின்றன: உறையும் நேரம் சரி, குருதிச்சிறுதட்டுகளின், அதாவது பிளேட்லெட்டுகளின், எண்ணிக்கை சரி. விதிப்படி எல்லாம் சரி.

மறுநாள் காலை, தியேட்டருக்கு முன்னறையில் அவளைப் படுக்க வைத்தோம். நிபுணர் எட்டிப் பார்த்தார்.

"இண்டைக்குச் சந்தோசமோ? தலை கறுப்பு. விரிவுரை தேவையில்லை."

இரத்த அழுத்தப் பட்டியைக் கட்டினேன். விளக்கை இழுத்தேன். அவள் உடனே கண்ணை இறுக்கி மூடினாள். அவ்வளவு முடிக்குத் தொப்பி போதாமல் விலகிக்கிடந்தது. அதைச் சரிசெய்யக் குனிந்தபோது, விளக்கு நேராக வகிட்டில் விழுந்தது.

வேரோடு ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு, செப்புக் கம்பி நிறம்.

கண்ணைத் திறக்கச் சொன்னேன். கண்மணிகள் இரண்டும் பக்கவாட்டில் சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தன. பட்டியைக் கழற்றினேன். அது இறுக்கிய இடத்தில் சிவப்பு ஊசிப்புள்ளிகள் பொரிந்திருந்தன. பரீட்சைக்குப் படித்த ஒரு வரி, ஒரே ஒரு வரி, தலைக்குள் எழுந்து நின்று கை தட்டியது. எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம்! அதை முகத்தில் காட்டாமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஷாமினி, தலைக்கு டை அடிக்கிறீரோ?"

"அம்மாதான் அடிச்சுவிடுறவ. சின்ன வயசில இருந்தே. செம்பட்டையா இருக்காம். எண்ணெய் காணாத தலை எண்டு ஆக்கள் கதைப்பினமாம்."

"கண்?"

"பிறவியிலேயே ஆடுது எண்டு கண் டொக்டர் சொன்னவர். வெளிச்சம் எப்பவும் குத்தும்."

"அம்மா இப்ப இஞ்ச இல்லை. பல்லுப் பிடுங்கினபோது என்ன நடந்தது?"

அவள் கதவைப் பார்த்தாள். "தலையணை முழுக்க இரத்தம். அடுத்த நாள் திரும்பப் போய்த் தைச்சவை. நான் நாக்கால நோண்டினபடியால்தானாம்."

"மாதவிடாய்?"

"அது… அக்கா, துவாய் விரிச்சுத்தான் படுக்கிறது. ஒண்டு போதாது. வேலைக்குப் போக ஏலாது, அந்த நாளிலயும் தொண்டை நோ எண்டு சொல்லிப்போட்டு வீட்டில நிப்பன். இரும்புச் சத்தும் ஊசியால ஏத்தினவை. எல்லாப் பொம்பிளையளுக்கும் உப்பிடித்தான், வெளியில சொல்லப்படாது எண்டு அம்மா சொன்னவ." என் முகத்தைப் பார்த்தாள். "அது நோர்மால் இல்லையோ?"

"இல்லை. அம்மாவும் அப்பாவும் சொந்தமோ?"

"அம்மாவின்ர மாமாவின்ர மகன்தான் அப்பா. ஏன்?"

ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். முடிக்கு நிறம் கொடுக்கும் சாயம், உயிரணுவுக்குள் சின்னஞ்சிறிய பைகளில்தான் உருவாகிறது. காயம் பட்டால் முதலில் ஓடிவருகிற குருதிச்சிறுதட்டுகளுக்குள்ளும் சின்னப் பைகள் இருக்கின்றன. அவற்றில் இருப்பதைக் கொட்டித்தான் 'இங்கே வாருங்கள்' என்று மற்றத் தட்டுகளைக் கூப்பிடுகின்றன. இரண்டு வகைப் பைகளையும் தைப்பது ஒரே தையல்கடை. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் பழுதான ஒரே இயந்திரம் வந்து சேர்ந்தால், முடி வெளிறும், கண் பலவீனமாகும், இரத்தம் லேசில் நிற்காது. தட்டுகளை எண்ணிப் பார்த்தால் எல்லாம் இருக்கும். கூப்பிடும் குரல்தான் இருக்காது. வழக்கமான உறைதல் பரிசோதனை அந்தக் குரலைக் கேட்பதே இல்லை. மிக அரிய நோய். இரண்டு வைத்தியர்களின் பெயர்களைக் கோத்து, வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்களே தேடிப் பிடியுங்கள், அப்போதுதான் மறக்காது.

டொன்சில் வெட்டிய காயத்துக்குக் கட்டுப் போட முடியாது. வீட்டுக்குப் போன பிறகும் அது திறந்து கொள்ளலாம். வடிகிற இரத்தம் மூச்சு போகிற வழியில் வடியும். பேக்கரிக்குத் திரும்பவேண்டிய பத்தொன்பது வயதுப் பெண் அங்கே படுத்திருந்தாள். என் கையில் மயக்க மருந்து ஊசி.

தியேட்டருக்குள் போனேன். நிபுணர் கையுறை போட்டு ஆயத்தமாக நின்றார்.

"நான் இவவை மயக்க மாட்டன்."

"ஏன்?"

நிதானமாக, ஒழுங்காக, நோய்க்கதையிலிருந்து தொடங்கியிருக்கலாம். அவசரத்தில் என் வாயிலிருந்து வந்தது ஒரே சொல். "முடி."

முகமூடிக்குப் பின்னால் யாரோ களுக்கென்றார்கள்.

"போன கிழமை முடியைப் பாக்காதேங்கோ எண்டு படம் போட்டுக் காட்டினது ஆர்? உங்கட தங்கச்சியோ?"

"நான்தான்."

"அவவின்ர முடி கறுப்பு!"

"டை."

"பரிசோதனை எல்லாம் சரி. முடியை விடச் சொன்னியள், விட்டன். இப்ப பரிசோதனையையும் விடச் சொல்லுறியள். அடுத்தது என்ன? ராசிபலன் பாத்து வெட்டுறதோ?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் எல்லோருக்கும் இந்த இடம் வரும். எதிரே அனுபவசாலி. அன்றைக்குச் செய்ய வேண்டிய சிகிச்சைகள் வரிசையில். எல்லா முடிவுகளும் சுத்தம். நீங்கள் சொல்வது உங்கள் காதுக்கே கேலியாகக் கேட்கிறது. நான் நினைப்பது பிழை என்றால் இந்த ஆஸ்பத்திரியில் கடைசிவரை 'முடி டொக்டர்' நான்தான். அப்போது இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, பின்வாங்குவது. மற்றது, நிச்சயமாகத் தெரிந்ததுபோலப் பெரிய பெயர்களை எடுத்து விடுவது. எனக்கு இரண்டாவது ஆசை பொல்லாததாக வந்தது.

சத்தம் கேட்டு எங்கள் பிரிவின் மூத்த வைத்தியர் வந்தார். சொற்களைச் செலவழிக்காத பெண்மணி. நான் மூச்சு விடாமல் பையும் தையல்கடையும் என்று தொடங்க, கையைக் காட்டினார்.

"முடியை எடுத்துப்போட்டுச் சொல்லும். மிச்சம் என்ன இருக்கு?"

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். பல் பிடுங்கிய காயம் மறுநாள்வரை நிற்காமல் தைத்திருக்கிறார்கள். மாதாமாதம் இரத்தம் போய் இரும்புச்சத்து ஏற்றியிருக்கிறார்கள். பட்டி இறுக்கிய இடம் பொரிந்திருக்கிறது. பெற்றோர் சொந்தம். தொண்டை நோவுக்கு இந்த வாரம் முழுக்க, தட்டுகளை இன்னும் மந்தமாக்கும் வலிமாத்திரை விழுங்கியிருக்கிறாள், அதையும் இப்போதுதான் சொன்னாள்.

"இதுவே போதும்" என்றார். "முடி கேள்வி கேக்க வைக்கட்டும். நிப்பாட்டிறதுக்கு இதுகள்தான் காரணம்."

நிபுணர் கையுறையைக் கழற்றினார். நேரே முன்னறைக்குப் போய், ஷாமினியின் பக்கத்தில் குனிந்து, "பல்லுப் பிடுங்கின கதையை எனக்கும் சொல்லுங்கோ" என்றார். அவள் சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ. இவவுக்குச் சாப்பாடு குடுங்கோ, பசியில இருக்கிறா."

கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். காத்திருக்கும் அறையில் அம்மா இருந்தார். அவருக்கு விளக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நீங்களும் எங்கட ஆள், உங்களுக்கு விளங்கும். கண் பழுது எண்டே ஆயிரம் கதை. இனி இரத்தமும் பழுது எண்டால் இவளை ஆர் பொம்பிளை கேட்டு வருவினம்? கோப்பில எழுதாதேங்கோ."

"எழுதாட்டி அடுத்த டொக்டர் தெரியாமல் வெட்டுவார், அன்ரி."

"நாங்கள் வாயால சொல்லுவம்."

"நேற்றுக் கேட்டனான். சொன்னியளோ?"

கட்டிலோடு வெளியே கொண்டுவரப்பட்ட ஷாமினி அங்கிருந்தே சொன்னாள்: "அம்மா, நான் செத்தால் கலியாணம் ஆருக்கு?"

அம்மா அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "உங்கட அம்மாவுக்குச் சொல்லுவியளோ?"

"சொன்னால் என்ர வேலை போயிடும்."

"உண்மையாவோ? அம்மாவுக்குச் சொன்னாலுமோ?"

"அம்மாவுக்குச் சொன்னாலும்."

"அப்ப எழுதுங்கோ" என்றார்.

இரத்தம் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குப் போனது. சில நாளில் அங்கே நுண்நோக்கி பார்க்கும் பெண் என்னை அழைத்தார். "இப்பவே வாங்கோ, நீங்களே பாக்க வேணும்!" சாதாரணக் குருதிச்சிறுதட்டு ஒன்றை முதலில் காட்டினார்: உள்ளே மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். பிறகு ஷாமினியுடையது. வெளிக்கோடு அழகாக, முழுதாக இருந்தது. உள்ளே ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. இருவரும் சின்னப்பிள்ளைகள் போலத் துள்ளினோம். மரபணுப் பரிசோதனை பிறகு உறுதி செய்தது. அன்றைக்குத்தான் நான் எங்கே போய் வேலை செய்யவேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

பெரிய மருத்துவமனை ஒன்றில், இரத்தக்கட்டியைக் கரையவிடாத மருந்து கொடுத்து, பிறருடைய குருதிச்சிறுதட்டுகளைப் பையில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, டொன்சிலை எடுத்தார்கள். எங்கள் நிபுணர் அன்று முழுவதும் ஏதேதோ சாட்டுச் சொல்லி என் அறைக்கு வந்துபோனார். "உந்தப் பேனை ஆரின்ர? அந்தப் பிள்ளை எப்பிடியாம்?" கொஞ்சம் கசிந்தது. ஒரு பை தட்டுகள் ஏற்றினார்கள். நின்றது. ஷாமினி பேக்கரிக்குத் திரும்பிப் போனாள்.

இதை வாசித்துவிட்டு செம்பட்டைத் தலை கண்ட இடமெல்லாம் ஓடாதீர்கள், தயவுசெய்து! செம்பட்டை என்பது அநேகமாக வெயில், அல்லது பிறவி நிறம், அல்லது கடையில் வாங்கிய சாயம். சிவப்பு முடி ஜேர்மன்காரர் வந்தால் கரட் நகைச்சுவை சொல்லாமல், எல்லோரிடமும் கேட்பதைக் கேளுங்கள். ஆனால் கேட்பதைத் தனியாகக் கேளுங்கள். அம்மாவை வெளியே தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, நம் பிள்ளைகளிடம் நம் மொழியில் கேளுங்கள். வெள்ளைத் தோலைக் கண்டு 'வடிவு' என்று மனம் சொல்லும்போது, கண்ணையும் ஒருமுறை பாருங்கள்.

போன மாதம் ஒரு நாள் அந்த அம்மா தொலைபேசி எடுத்தார். சுற்றிலும் ஆட்களின் இரைச்சல்.

"பிள்ளை, அந்த வருத்தத்தின்ர பேரை எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ. பேனை கையில இருக்கு."

"ஏன் அன்ரி, ஷாமினிக்கு ஏதும்…?"

"அவள் சுகம். ரொறொன்ரோவில என்ர தங்கச்சி இருக்கிறாள். அவள் கலியாணம் முடிச்சது என்ர மனுசன்ர தம்பியை. அவளின்ர மகளும் இவளைப் போலத்தான், வெள்ளை, கண்ணாடி. பல்லுக்குக் கம்பி போடுறதுக்கு நாலு பல்லுப் பிடுங்கப் போகினமாம். நேற்று நான் போன் அடிச்சு நிப்பாட்டச் சொன்னன்."

"என்ன சொன்னீங்கள்?"

"முடியைப் பற்றிச் சொன்னன். 'முடிக்கும் பல்லுக்கும் என்னக்கா, உனக்கு விசரோ' எண்டு சிரிச்சாள். அதுக்குப் பிறகு கேட்டன், 'பிள்ளை எத்தினை துவாய் விரிச்சுப் படுக்கிறவள்?' எண்டு." இரைச்சலுக்குள் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "சிரிப்பு நிண்டு போச்சு. அழுதாள். அவளும் ஆருக்கும் சொல்லேல்லையாம், பிள்ளை. இன்னும் ஆரின்ர வீட்டில இந்த வருத்தம் இருக்கோ தெரியாது. குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில போடப்போறன், அதான் பேர் பிழைக்கப்படாது."

"எங்க நிக்கிறீங்கள் அன்ரி? ஒரே சத்தமா இருக்கே."

"பஸ்ஸில. அது பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கோ."

நான் முதல் எழுத்தைச் சொன்னேன். அவர் அதை, பஸ்ஸில் கடைசி ஆசனம்வரை கேட்கும்படி, திரும்பச் சொன்னார்.